ரிவர்ஸில் நிறுத்துவதா, நேராக நுழைவதா? (காலையில் நாலு முயற்சி, பின்னால் மூன்று ஹாரன்)

புதுஓட்டி | திங்கள், இரவு 9.12

உரிமம் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஓட்டுவதில் இருந்த பயம் போய்விட்டது, நிறுத்துவதில் இருப்பது போகவில்லை. எங்கள் அலுவலக பார்க்கிங்கில் முக்கால்வாசிப் பேர் ரிவர்ஸில் உள்ளே போய், வண்டியின் முகம் வெளியே பார்க்கிற மாதிரி நிறுத்துகிறார்கள். நான் காலி இடம் கண்ணில் பட்டால் போதும், நேராக மூக்கை நுழைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனால் இரண்டு பக்கமும் ஆள் உயர வேன். ரிவர்ஸ் போட்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தேன். பாதி வண்டி வெளியே வரும்வரை எனக்குத் தெரிந்தது வேனின் தகரம் மட்டும்தான். திடீரென்று டிக்கி மேல் பட்பட்டென்று இரண்டு தட்டு. போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்த ஒருவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வீடு போய்ச் சேரும்வரை கை நடுங்கியது.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருபது வருடமாக ஓட்டுகிறவர். "காலையில் மிச்சம் பிடித்த அரை நிமிஷத்தைச் சாயங்காலம் வட்டியோடு கட்டுகிறாய்" என்றார். சரி என்று இன்று காலை ரிவர்ஸில் முயன்றேன். முதல் தடவை பக்கத்து வண்டியின் கண்ணாடியை நோக்கிப் போனேன். இரண்டாவது தடவை குறுக்காக நின்றது. மூன்றாவது தடவை எதற்கு எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நாலாவது தடவைக்குள் பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வெட்கப்பட்டுக்கொண்டு பழையபடி நேராகவே நுழைந்துவிட்டேன்.

என் சந்தேகம் இதுதான். எப்படியும் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். உள்ளே போகும்போது எடுத்தால் என்ன, வெளியே வரும்போது எடுத்தால் என்ன? கணக்கு ஒன்றுதானே?

ஓரக்கண்ணாடி | திங்கள், இரவு 9.40

கணக்கு ஒன்றுதான், இடம் ஒன்றில்லை. உள்ளே போகும்போது நீங்கள் பின்னால் போவது ஒரு காலிப் பெட்டிக்குள். அதை இப்போதுதான் கடந்து வந்தீர்கள். அதற்குள் ஆள் இருக்கிறாரா, தூண் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள். வெளியே வரும்போது பின்னால் போவது வண்டியும் ஆளும் நடமாடுகிற பாதைக்குள். அங்கே யார் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் வண்டி நகரப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

பிரிட்டனின் சாலை விதி நூலில் 201-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: முடிந்தால் ரிவர்ஸில் உள்ளே போ, முன்பக்கமாக வெளியே வா.

வேகமாப்போ | திங்கள், இரவு 9.58

அந்த விதியை முழுதாகப் படித்தீர்களா? வீட்டு முகப்பிலிருந்து சாலைக்கு வருவதைப் பற்றியது அது. பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ரிவர்ஸில் வராதே என்பதும் அதே விதியில் இருக்கிறது. பார்க்கிங் கட்டம் பற்றி அங்கே பேச்சே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அதே பிரிட்டனில் 2017 டிசம்பர் 4 முதல் ஓட்டுநர் தேர்வை மாற்றினார்கள். புதிதாகச் சேர்த்தது என்ன தெரியுமா? பார்க்கிங் கட்டத்துக்குள் நேராக நுழைந்து, ரிவர்ஸில் வெளியே வருவது! தப்பான வழக்கம் என்றால் தேர்வில் வைப்பார்களா?

புதுஓட்டி, உங்கள் பின்னால் நின்ற மூன்று பேரில் ஒருவனாக நான் இருந்திருந்தால் நானும் அடித்திருப்பேன் ஹாரன். ஒருவர் பயிற்சி எடுக்க ஊரே காத்திருக்க வேண்டுமா?

ஓரக்கண்ணாடி | திங்கள், இரவு 10.07

விதி வீட்டு முகப்பைப் பற்றியது என்பது சரி, அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் காரணம் ஒன்றுதான். தேர்வில் வைத்ததற்கும் விடை இருக்கிறது. மக்கள் எப்படியும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள், அதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கலாம். ரிவர்ஸில் கட்டத்துக்குள் போவதும் அதே தேர்வில் உண்டு. இரண்டில் எதைக் கேட்பது என்பது தேர்வாளர் கையில்.

கியர்பெட்டி | செவ்வாய், காலை 6.31

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டியின் அமைப்பே ரிவர்ஸுக்குச் சாதகமானது. இதைப் பலர் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காரில் திரும்புவது முன்சக்கரம் மட்டும். பின்சக்கரம் இரண்டும் நேராகவே பூட்டப்பட்டவை, முன்னது போகும் பக்கம் இழுபட்டுப் போகும். அதனால் முன்னால் போய்த் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நேராகக் கட்டத்துக்குள் நுழைகிறவர்கள் பக்கத்து வண்டியின் பம்பரில் தங்கள் பின்கதவைத் தேய்ப்பது இதனால்தான். மூக்கு சரியாகத்தான் நுழைந்திருக்கும், இடுப்பு இடிக்கும்.

ரிவர்ஸில் இது தலைகீழ். முதலில் கட்டத்துக்குள் போவது திரும்பாத பின் அச்சு. அதைக் கட்டத்தின் வாயில் வைத்துவிட்டால், திரும்பக்கூடிய முன்பக்கத்தை வெளியே இருக்கும் அகலமான பாதையில் வீசி வண்டியை நிமிர்த்திக்கொள்ளலாம். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டைப் பாருங்கள். அதற்குத் திரும்பும் சக்கரம் பின்னால் இருக்கிறது. குறுகிய சந்தில் சரக்குத் தட்டுக்கு நேராகக் கரண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ரிவர்ஸில் போகும் காரும் ஒரு ஃபோர்க்லிஃப்ட்தான்.

உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற ஆக்கர்மான் அமைப்பு குதிரை வண்டிக் காலத்தது, காப்புரிமை 1818-ல் எடுக்கப்பட்டது. அன்றைய குதிரைக்கு ரிவர்ஸ் எவ்வளவு பிடித்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. ரிவர்ஸில் ஒடிக்கும்போது உங்கள் மூக்கு எதிர்ப்பக்கமாக அகலமாக வீசும். எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு முன்பம்பரின் மூலையை எதிர்வரிசை வண்டியிலோ தூணிலோ கொண்டுபோய் வைப்பார்கள். வழக்கமாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம் என்று கட்டம் போட்டு, நடுவில் 6 மீட்டர் பாதை விட்டிருந்தால் தாராளம். பாதை அதைவிடக் குறுகினால் மூக்கைக் கவனிக்க வேண்டும்.

டிக்கி_நிறைய_சாமான் | செவ்வாய், காலை 8.15

இந்த மாதிரி இழைகளில் என்னைப் போன்றவர்களை யாரும் நினைப்பதே இல்லை. கடைக்குப் போய் ஒரு தள்ளுவண்டி நிறையச் சாமானோடு திரும்பி வருகிறேன். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் மடக்கிய குழந்தை வண்டி. ரிவர்ஸில் நிறுத்தியிருந்தால் என் டிக்கி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கதவு மேல்நோக்கித் திறக்கிற வண்டி என்றால் சுவரில் இடிக்கும். இரண்டு கார்களின் நடுவே ஒரு சாண் இடைவெளியில் பைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அப்புறம் பக்கத்து வண்டியில் கீறல் என்று சண்டை.

ஆகவே கடைக்குப் போனால் நேராகத்தான் நுழைவேன். யார் என்ன சொன்னாலும் சரி.

ஓரக்கண்ணாடி | செவ்வாய், காலை 8.33

இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு கட்டமும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இருக்கும் இடத்தில் முதல் கட்டம் வழியாக நுழைந்து முன்கட்டத்தில் போய் நிறுத்தலாமே? ரிவர்ஸே வேண்டாம். உள்ளே போவதும் முன்பக்கம், வெளியே வருவதும் முன்பக்கம்.

டிக்கி_நிறைய_சாமான் | செவ்வாய், காலை 8.41

கிடைத்தால் செய்வேன். ஒரு தடவை அப்படிக் கடக்கும்போது எதிர்ப்பக்கப் பாதையிலிருந்து ஒருவர் அதே முன்கட்டத்துக்குள் திரும்பினார். இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றோம். அவர் முறைத்தது இன்னும் நினைவிருக்கிறது. மெதுவாகப் போயிருந்ததால் தப்பித்தோம்.

ஆலைக்காரன் | செவ்வாய், மதியம் 1.20

எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் பதினோரு வருடம் இருந்தேன். வாசலில் காவலாளி முதலில் பார்ப்பது அடையாள அட்டையை இல்லை, வண்டி எப்படி நிற்கிறது என்பதைத்தான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். எல்லோரும் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும். "முதல் அசைவு முன்னோக்கி" என்பது அங்கே மந்திரம் மாதிரி.

சொல்லப்பட்ட காரணம் அவசரக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும் என்பது. ஒத்திகை ஒன்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். சைரன் அடித்ததும் முழு வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து வந்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் மட்டும் நேராக நுழைத்திருந்தார். அவர் பின்னால் வர முயல, அவருக்காக ஒருவர் நிற்க, அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். தீயணைப்பு வண்டியை ஏன் நிலையத்துக்குள் முகம் வெளியே பார்க்க நிறுத்துகிறார்கள் என்று அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்த காரணம் வேறு. வேலைக்கு வரும்போது மனம் ஓட்டத்திலேயே இருக்கிறது, கண் சாலைக்குப் பழகியிருக்கிறது. வேலை முடிந்து, களைத்துப்போய், வீட்டு நினைப்போடு வண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் நொடியில் ரிவர்ஸ் என்ற கஷ்டமான வேலையைக் கொடுக்கிறோம். கண்ணாடியில் பனி, வெளியே இருட்டு, கையில் போன். உங்கள் வெள்ளிக்கிழமைச் சம்பவமும் சாயங்காலம்தான் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா?

சும்மாவந்தேன் | செவ்வாய், மதியம் 1.52

ரிவர்ஸில் நிறுத்துகிறவர்களில் பாதிப் பேர் கெத்துக்குச் செய்கிறார்கள். ஒரு கையால் ஸ்டியரிங், இன்னொரு கை பக்கத்து இருக்கையின் முதுகில். பார்த்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 4.05

பெண்கள் ஓட்டுவது பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வண்டி நிறுத்துவது பற்றிப் பேசுங்கள்.

இரண்டுபிள்ளைஅம்மா | செவ்வாய், இரவு 10.26

பம்பர் கீறலை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்கிறேன். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் பின் கேமராவைக் கட்டாயமாக்கியபோது சொன்ன கணக்கு இது: பின்னால் வரும் வண்டி ஆள் மேல் ஏறுவதால் ஆண்டுக்குச் சராசரியாக 210 மரணம், 15,000 பேருக்குக் காயம். இறந்தவர்களில் 31 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 26 சதவீதம் 70 வயதைத் தாண்டியவர்கள். தன் தந்தை ஓட்டிய வண்டியின் பின்னால் இருந்ததால் இறந்துபோன 2 வயதுக் குழந்தையின் பெயரில் 2008-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களிலும் கேமரா கட்டாயம் ஆனது.

வாசலிலிருந்து பின்னால் எடுக்கும் அப்பாவுக்கு, தன் பிள்ளை டாட்டா காட்ட ஓடி வந்தது தெரிவதே இல்லை. டிக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் விழாது. என் வீட்டில் வண்டி எப்போதும் முகம் வெளியே பார்த்துத்தான் நிற்கும். அதையும் நம்பாமல், சாவியை எடுத்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பத்து நொடி.

வேகமாப்போ | செவ்வாய், இரவு 10.44

இந்தக் காரணத்தை மறுக்கமாட்டேன் அக்கா. வீட்டு வாசலில் நானும் ரிவர்ஸில்தான் நிறுத்துகிறேன். ஆனால் உள்ளே ரிவர்ஸ் எடுக்கும்போதும் அந்தக் குழந்தை அங்கே இருக்கலாமே? "காலிப் பெட்டி" என்று ஓரக்கண்ணாடி சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. கட்டத்தைக் கடந்த பிறகு ஆள் உள்ளே நடந்து வர ஐந்து நொடி போதும்.

சென்சார்பித்தன் | புதன், காலை 7.18

கேமரா பேச்சு வந்ததால் நுழைகிறேன். பின் கேமராவோடு விற்பனைக்கு வந்த முதல் கார் 1991-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா சோரர். அந்த வசதி சாமானிய வண்டிக்கு வர எத்தனை காலம் ஆனது பாருங்கள்.

ஆனால் கேமரா இருந்தால் நேராகவே நுழையலாம் என்று நினைப்பது தப்பு. கேமரா பார்ப்பது டிக்கிக்கு நேர் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில். இரண்டு வேன்களுக்கு நடுவே புதைந்திருக்கும்போது அதன் கண்ணும் புதைந்துதான் இருக்கிறது. பின்பம்பரின் இரு மூலையிலும் ரேடார் வைத்து, குறுக்கே வருவதைக் கண்டால் பீப் அடிக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. அதுவும் பக்கத்தில் பெரிய வண்டி நின்றால் தடுமாறும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2015-ல் சோதித்துப் பார்த்துவிட்டு, நடந்து வருகிறவரையும் சைக்கிளையும் இவை தவறவிடுகின்றன என்றது. அமெரிக்க ஓட்டுநர்களில் 76 சதவீதம் பேர் பெரும்பாலும் நேராகத்தான் நுழைகிறார்கள் என்றும் அப்போதுதான் சொன்னார்கள். முடிந்தவரை ரிவர்ஸில் நிறுத்துங்கள் என்பது அவர்கள் அறிவுரை.

அதே கேமராவை ரிவர்ஸில் உள்ளே போகப் பயன்படுத்தினால் அது முழுதாக வேலை செய்கிறது. பார்க்க வேண்டியது நேர் பின்னால் இருக்கும் கட்டமும் கோடும் சுவரும்தான். மழைச் சேறு அப்பியிருந்தால் மட்டும் ஒன்றும் தெரியாது, துணியால் ஒரு துடை. திரையில் வரும் கோடு எல்லா வண்டியிலும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து வளையாது என்பதையும் நினைவில் வையுங்கள். என் பழைய வண்டியில் வளையாது. அதை நம்பி ஒரு தொட்டிச் செடியைக் கொன்றேன்.

பழையஸ்டியரிங் | புதன், காலை 9.50

எனக்கு வயது 68. முப்பது வருடம் ஓட்டுநர் வேலை. கழுத்து முன்போல் திரும்பாது. திரும்பாத கழுத்துக்கு எது நல்லது என்று இங்கே யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெளியே வரும் ரிவர்ஸுக்குக் கழுத்து வேண்டும், இரண்டு பக்கமும் தூரம் வரை பார்க்க வேண்டும். உள்ளே போகும் ரிவர்ஸுக்கு ஓரக் கண்ணாடி இரண்டும் போதும். எனவே என் ஓட்டு ரிவர்ஸுக்கு.

தம்பி புதுஓட்டி, எல்லோரும் ஏன் என்று சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொள்.

கட்டம் உன் இடப்பக்கம் என்று வை. வரிசையில் நிற்கும் வண்டிகளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி மெதுவாக வா. இண்டிகேட்டரை அப்போதே போட்டுவிடு. கட்டத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பி உள்ளே ஒரு பார்வை பார். தூண், சக்கரத் தடுப்புக் கட்டை, தள்ளுவண்டி, ஆள், எல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிய வேண்டும். உன் தோள் கட்டத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, மூக்கைக் குறுக்காக வெளியே கொண்டு போ. வால் கட்டத்தின் வாயைப் பார்க்கும். நீ செய்த நாலு முயற்சியிலும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டாய். பாதைக்கு நேராக நின்றபடியே பின்னால் ஒடித்திருப்பாய், அது தேர்ந்த கைக்கே கடினம்.

நில். எதிரும் பின்னும் பார். இப்போது ரிவர்ஸ் போட்டு, இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு, கிளட்சில் கால் வைத்து ஊர்ந்து வா. இட ஓரக் கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்தி, பின்சக்கரம் தெரியும்படி வைத்துக்கொள். உன் கண் பார்க்க வேண்டியது அந்தப் பின்சக்கரத்தையும் பக்கத்து வண்டியின் மூலையையும். சக்கரம் அந்த மூலையைத் தாண்டிவிட்டதா, பாதி ஜெயித்தாய். இடையில் ஒரு தடவை வல மூக்கைப் பார், கியர்பெட்டி சொன்னது சரி. இரண்டு கண்ணாடியிலும் கோடு வண்டிக்கு இணையாக வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி, நேராகப் பின்னால் போ.

கோணலாக வந்துவிட்டால் பின்னால் போய்க்கொண்டே சரி செய்யாதே. அங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள். முன்னால் அரை வண்டி நீளம் வெளியே எடு, எடுக்கும்போதே நிமிர்த்து, மறுபடி நேராகப் போ. முன்னால் எடுப்பது தோல்வி இல்லை. நானும் எடுப்பேன்.

ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும் என்று சொல்லலாம், ஆனால் உனக்கு இப்போது அது முடியாது. அதனால் விடுமுறை நாளில் காலியான இடமாகப் பார்த்துப் போய் இருபது தடவை செய். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார். இறங்கிப் பார்க்க வெட்கப்படுகிறவனைத்தான் நான் கடைசிவரை நம்பியதில்லை.

புதுஓட்டி | புதன், காலை 10.14

ஐயா, மூக்கைக் குறுக்காக வெளியே கொண்டு போவது என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. பயிற்சிப் பள்ளியில் ஒரு கம்பு நட்டு, "கம்பு கண்ணாடியில் தெரிந்ததும் முழு ஒடி" என்றார்கள். நிஜ பார்க்கிங்கில் கம்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்!

சாய்கோடு | புதன், மதியம் 12.37

எல்லாக் கட்டத்துக்கும் ரிவர்ஸ் என்று ஆரம்பிக்கும் முன் தரையில் கோட்டைப் பாருங்கள். கோடு நீங்கள் வரும் திசையில் சாய்ந்து 45 அல்லது 60 டிகிரியில் இருந்தால், அது நேராக நுழைவதற்காகப் போட்டது. அந்தப் பாதை பெரும்பாலும் ஒருவழி. அங்கே அடம்பிடித்து ரிவர்ஸில் நுழைந்தால் வெளியே வரும்போது உங்கள் மூக்கு வருகிற வண்டிகளைப் பார்த்து நிற்கும். எதிர்த்திசையில் போவதா, முக்கால் வட்டம் அடித்துத் திரும்புவதா என்று முழிக்க வேண்டியதுதான்.

அதே சாய்கோட்டைத் திருப்பிப் போட்டு, ரிவர்ஸில் நுழையச் சொல்கிற தெருக்களும் உண்டு. சியாட்டில் நகரத்தில் அப்படி இருக்கிறது. கிளம்பும் ஓட்டுநருக்கு, வருகிற சைக்கிள்காரர் கண்ணெதிரே தெரிகிறார். டிக்கியும் நடைமேடைப் பக்கம் இருக்கும், எனவே டிக்கி_நிறைய_சாமான் சகோதரிக்கும் அது பிடிக்கும்.

ரிவர்ஸில் நிறுத்தாதே என்று பலகை வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. ஜப்பானில் வீடுகளையோ செடிகளையோ ஒட்டிய பார்க்கிங்கில் முன்பக்கமாக நிறுத்துங்கள் என்று எழுதியிருப்பார்கள், புகைக்குழாய் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று. புளோரிடா மாதிரி பின்பக்கம் மட்டும் எண் பலகை வைக்கும் மாநிலங்களில், எண்ணைக் கேமராவால் படிக்கும் பார்க்கிங்குகள் சில ரிவர்ஸைத் தடை செய்கின்றன. சுவரைப் பார்த்திருக்கும் எண்ணைக் கேமரா எப்படிப் படிக்கும்? பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள், அபராதம் கட்டிவிட்டு இந்த இழையைத் திட்டாதீர்கள்.

மின்வண்டி | புதன், மாலை 6.02

எனக்கு இந்த விவாதமே இல்லை, சார்ஜ் துளை எங்கே இருக்கிறதோ அதுதான் முடிவு செய்கிறது. டெஸ்லாவில் அது பின்பக்கம், இட விளக்கருகே. அவர்களின் வேக சார்ஜ் நிலையமான சூப்பர்சார்ஜரில் பல இடங்களில் கம்பி குட்டை, அங்கே ரிவர்ஸில்தான் போயாக வேண்டும். நண்பரின் நிசான் லீஃபுக்குத் துளை மூக்கிலேயே இருக்கிறது, அவர் நேராக நுழைவார். நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனால் ஒருவருக்கொருவர் தலைகீழாக நின்றுகொண்டிருப்போம்.

வேகமாப்போ | புதன், இரவு 8.49

பழையஸ்டியரிங் ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, பின்சக்கரத்துக்கும் பின்பம்பருக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. குட்டி ஹாட்ச்பேக்கில் அது கொஞ்சம்தான். நீள டிக்கி வண்டியிலும் பிக்கப்பிலும் ஒரு மீட்டருக்கு மேல் போகும். சக்கரம் தடுப்புக் கட்டையில் முட்டும்வரை பின்னால் போனால் அந்த ஒரு மீட்டரும் நடைமேடை மேல் போய் நிற்கும், இல்லையென்றால் சுவரில் ஓடும் குழாயை உடைக்கும். நடக்கிறவர் சாலையில் இறங்கிப் போக வேண்டும். நேராக நுழைகிறவருக்கு வேறு தொல்லை, தாழ்ந்த முன்பம்பர் கட்டையில் ஏறி, எடுக்கும்போது கிழிந்துகொண்டு வரும். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் கட்டையை நம்பாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது, காத்திருப்பவர்கள். நீங்கள் உள்ளே போகும்போது பின்னால் நிற்பவன் எரிச்சலில் இருக்கிறான். நீங்கள் வெளியே வரும்போது நிற்பவனுக்கு உங்கள் இடம் வேண்டும், அதனால் புன்னகையோடு காத்திருப்பான். ரிவர்ஸ்காரர்கள் இந்த மனித இயல்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆலைக்காரன் | புதன், இரவு 9.03

அந்தப் புன்னகைக்காரன்தான் உங்கள் டிக்கிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பவனும்.

வேகமாப்போ | புதன், இரவு 9.06

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கியர்பெட்டி | புதன், இரவு 9.30

நேரக் கணக்கு என்றால் ஒன்று சொல்ல வேண்டும். பழகியவர் ரிவர்ஸில் உள்ளே போக இருபது நொடி பிடிக்கும், வெளியே வர ஐந்து நொடி. நேராக நுழைகிறவருக்கு உள்ளே ஐந்து, வெளியே இருபது. கூட்டினால் ஒன்றுதான். பழகாதவருக்குத்தான் கணக்கு மாறுகிறது, புதுஓட்டிக்கு நடந்தது அதுதான். எனவே வரிசையாக வண்டிகள் நெருக்கும் நேரத்தில் அவர் நேராக நுழைந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி நுழைந்த நாளில் வெளியே வரும்போது கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, காதால் கேட்டுக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வரட்டும்.

புதுஓட்டி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.21

இழையை மறுபடி மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். இரண்டு ஞாயிறு காலை காலி மைதானம் ஒன்றில் நாலு அட்டைப் பெட்டிகளை வைத்துப் பழகினேன். முதல் நாள் இரண்டு பெட்டி நசுங்கியது. இரண்டாவது ஞாயிறு ஒன்று, அதுவும் காற்றில் நகர்ந்தது என்பது என் கட்சி.

அலுவலகத்தில் அரை மணி முன்னால் போய்விடுகிறேன், பின்னால் யாரும் இருப்பதில்லை. திங்கள் மூன்று முயற்சி, செவ்வாய் இரண்டு, புதன் மறுபடி நாலு (பக்கத்தில் தூண்). வியாழன் தாமதமாகப் போனேன், பின்னால் வண்டி வந்தது, நேராகவே நுழைந்துவிட்டேன். சாயங்காலம் கியர்பெட்டி அண்ணன் சொன்னபடி கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தேன். ஒருவர் செருப்புச் சத்தம் கேட்டு நின்றேன். அவர் கடந்து போன பிறகுதான் கண்ணில் பட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது முயற்சியில் உள்ளே போய்விட்டது. சாயங்காலம் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே முழுப் பாதையும் தெரிகிறது. இரண்டு பக்கமும் அதே வேன்கள் நின்றன, பம்பர் வெளியே எட்டிப் பார்த்ததுமே இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

ஒரு சந்தேகம்: ரிவர்ஸ் போடும் முன் நாலு விளக்கும் சேர்ந்து மின்னுகிற மாதிரி போடுவதா, இண்டிகேட்டர் மட்டும் போதுமா?

ஓரக்கண்ணாடி | ஞாயிறு, மாலை 5.48

கட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்க இண்டிகேட்டர். நாலும் மின்னினால் பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று தெரியாது, வண்டி நின்றுபோய்விட்டது என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு முந்துவார். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் வெள்ளை விளக்கு தானாக எரியும், மீதியை அது சொல்லும்.

பழையஸ்டியரிங் | ஞாயிறு, இரவு 7.15

நல்லது தம்பி. வெள்ளிக்கிழமை உள்ளே போனதும் இறங்கிப் பார்த்தாயா?

புதுஓட்டி | ஞாயிறு, இரவு 7.22

பார்த்தேன் ஐயா. வலப் பின்சக்கரம் கோட்டின் மேலேயே நின்றது. மறுபடி ஏறி, முன்னால் எடுத்துச் சரி செய்தேன். அப்போது பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை.